‘பொஸொர்க்’: ஒரு பாரசீகப் பெயரடையின் வேரைத் தேடிச் செல்வது எப்படி?

பாரசீக மொழியைக் கற்கத் தொடங்குபவர் முதல் சில பாடங்களுக்குள்ளேயே சந்திக்கும் பெயரடைகளில் ஒன்று ‘பொஸொர்க்’. ‘பெரிய’ என்று ஒரே சொல்லில் பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவது வழக்கம். ஆனால் கல்லில் வெட்டப்பட்ட சான்றுகளைக் கொண்டு ஏறத்தாழ 2500 ஆண்டுகள் பின்னோக்கித் தொடர முடிகிற மிகச் சில அன்றாடச் சொற்களுள் இதுவும் ஒன்று என்பதால், சொற்பிறப்பு ஆராயும் முறையைப் பழகிக்கொள்வதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. மொழியியல் பயிற்சி இல்லாதவரும் பின்பற்றக்கூடிய வகையில் அந்த வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பின்னோக்கிப் போகும்போது ஒரு காலகட்டத்தையும் தாண்டிக் குதிக்கக் கூடாது என்ற ஒரே ஒரு கட்டுப்பாட்டை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்றைய சொல்லையும் வேதகாலச் சொல்லையும் நேராக அருகருகே வைத்து ஒப்பிடுகிறவர்கள்தாம் பெரும்பாலும் வழி தவறுகிறார்கள்.

முதற்படி: எழுத்தையும் ஒலியையும் உறுதி செய்தல்

பாரசீக எழுத்தில் இச்சொல் பே, ஸே, ரே, காஃப் என்ற நான்கு எழுத்துகளால் எழுதப்படுகிறது. குறில் உயிர்கள் எழுதப்படுவதில்லை. அவற்றை வாசிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். தெஹ்ரானில் ‘பொஸொர்க்’ என்று ஒகரமாக ஒலிப்பது காபூலிலும் துஷான்பேயிலும் ‘புஸுர்க்’ என்று உகரமாக ஒலிக்கும். தஜிகிஸ்தானில் சிரில்லிக் எழுத்தைப் பயன்படுத்துவதால் உயிரெழுத்துகளும் எழுதப்படுகின்றன. ஆகவே அங்கே இந்த உகரத்தைக் கண்ணாலேயே காணலாம். இரண்டும் ஒரே சொல்தான் என்பதையும், உகர ஒலிப்பே பழையது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சொல்லின் தொடக்கத்தை ‘தம்பி’ என்பதில் உள்ள பகரத்தைப் போலவும், இறுதியை ‘தங்கம்’ என்பதில் உள்ள ககரத்தைப் போலவும் ஒலிக்க வேண்டும். இச்சொல்லிலும் இதன் உறவுச் சொற்களிலும் நான் ‘ஸ’ என்று எழுதுவது தொண்டை அதிர எழும் ஒலியாகும். தமிழில் அவ்வொலி இல்லாததால்தான் பாரசீகத்திலிருந்து வந்த ஜமீன், பஜார் முதலிய சொற்களில் அதை ஜகரமாக்கிக்கொண்டோம்.

எழுத்தைப் பார்த்தவுடனேயே பிறப்பைப் பற்றிய முதல் தடயம் கிடைத்துவிடுகிறது. அரபு எழுத்துமுறையை ஏற்றுக்கொண்ட பாரசீகர்கள், அரபியில் இல்லாத நான்கு ஒலிகளுக்காகப் புதிதாக நான்கு எழுத்துகளைச் சேர்த்தார்கள். சொல்லின் இறுதியில் நிற்கும் அதிர்வுடைய காஃப் அவற்றுள் ஒன்று. அந்த எழுத்து உள்ள சொல் அரபியிலிருந்து வந்திருக்க முடியாது. இன்றைய பாரசீகச் சொற்களில் கணிசமான பகுதி அரபிலிருந்து வந்தது என்பதால், எந்தச் சொல்லை ஆராயும்போதும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: அகராதிப் பொருளை விட்டு வழக்குப் பொருளைத் திரட்டுதல்

பாரசீகத்தில் பெயரடை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும். இரண்டையும் ‘எ’ என்னும் குறுகிய ஒலி இணைக்கும். இந்த இணைப்புக்கு எஸாஃபே என்று பெயர். ‘ஷஹ்ர்-எ பொஸொர்க்’ என்றால் பெரிய நகரம். ‘கானெ-யெ பொஸொர்க்’ என்றால் பெரிய வீடு. பெயர்ச்சொல் பன்மையானாலும் பெயரடை மாறுவதில்லை. ஒப்புமை காட்ட ‘தர்’ என்பதையும், அனைத்திலும் மிகுதியைக் காட்ட ‘தரீன்’ என்பதையும் சேர்ப்பார்கள். ‘தெஹ்ரான் அஸ் ஷீராஸ் பொஸொர்க்தர் அஸ்த்’ என்றால் தெஹ்ரான் ஷீராஸைவிடப் பெரியது. ‘தரீன்’ சேர்ந்த வடிவம் மட்டும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும்: ‘பொஸொர்க்தரீன் ஷஹ்ர்’, மிகப் பெரிய நகரம்.

இவ்வளவும் எந்த இலக்கண நூலிலும் கிடைக்கும். கவனமாகத் திரட்ட வேண்டியவை கூட்டுச்சொற்கள். ‘பொஸொர்க்ஸால்’ என்பதில் ‘ஸால்’ ஆண்டைக் குறிக்கிறது. முழுச்சொல்லின் பொருள் வயது வந்தவர். ‘பொஸொர்க் ஷொதன்’ என்றால் வளர்ந்து ஆளாதல். ‘பொஸொர்க் கர்தன்’ என்றால் வளர்த்து ஆளாக்குதல். ‘பொஸொர்கான்’ என்ற பன்மை சான்றோரையும் மேன்மக்களையும் குறிக்கும். ‘பொஸொர்க்வார்’ என்பது பெருந்தன்மை உடையவருக்கான சொல். ஒருவருடைய நினைவைப் போற்றி எடுக்கும் விழா ‘பொஸொர்க்தாஷ்த்’. நகரங்களின் அகன்ற விரைவுச்சாலை ‘பொஸொர்க்ராஹ்’. இவற்றைத் தொகுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், உருவளவைக் குறிக்கும் வழக்கைக் காட்டிலும் வயதையும் மதிப்பையும் குறிக்கும் வழக்குகள் மிகுந்திருப்பது தெரியும். சொல்லின் பழைய வரலாற்றுக்குப் போகும்போது இந்த விகிதம் நமக்கு உதவப்போகிறது.

உறவுப் பெயர்களில் தமிழர் ஒரு குழியில் விழ வாய்ப்புண்டு. ‘பெதர்’ என்றால் தந்தை. ஆகவே ‘பெதர்பொஸொர்க்’ என்பதைக் கண்டதும் பெரியப்பா என்று கொள்ளத் தோன்றும். அதன் பொருள் தாத்தா. ‘மாதர்பொஸொர்க்’ என்றால் பாட்டி. தந்தையின் சகோதரர் மூத்தவரானாலும் இளையவரானாலும் ‘அமூ’தான். இந்த இரு கூட்டுச்சொற்களிலும் எஸாஃபே ஒலி இல்லை என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ‘பராதர்-எ பொஸொர்க்’ என்று இணைப்பொலியோடு சொன்னால் அண்ணன். இணைப்பொலி இல்லாமல் ஒட்டி நின்றால் தனி உறவுப் பெயர். எழுத்தில் இந்த ஒலி பெரும்பாலும் காட்டப்படுவதில்லை என்பதால், வாசிப்பதை மட்டும் நம்பிக் கற்பவருக்கு இவ்வேறுபாடு பிடிபட நாளாகும்.

அடுத்து, இச்சொல்லோடு போட்டியிடும் சொற்களையும் பார்க்க வேண்டும். ஆப்கானிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் பருமனில் பெரியதைச் சொல்ல ‘கலான்’ என்பதே இயல்பான சொல். அங்கே ‘புஸுர்க்’ மகத்துவத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. 1127-இல் கட்டி முடிக்கப்பட்ட புகாராவின் புகழ்பெற்ற கோபுரத்தின் பெயரிலும் இந்தக் ‘கலான்’ இருக்கிறது. ஈரானில் ‘கலான்’ பேச்சுவழக்கிலிருந்து விலகி, பெருநகரம், பேரியல் பொருளாதாரம் போன்ற எழுத்துவழக்குத் தொடர்களில் தங்கிவிட்டது. அரபிலிருந்து வந்த ‘கபீர்’ பட்டப்பெயர்களில் வரும். 1852-இல் கொல்லப்பட்ட காஜார் கால அமைச்சர் மிர்ஸா தகீ கானை ஈரானியர் இன்றும் அமீர் கபீர் என்றே அழைக்கிறார்கள். ஆனால் பழைய ஈரானிய அரசர்களான கூரோஷுக்கும் (சைரஸ்) தாரியூஷுக்கும் (டேரியஸ்) சேர்க்கப்படும் அடைமொழி ‘பொஸொர்க்’.

மூன்றாம் படி: சாசானியர் காலத்துக்குச் செல்லுதல்

இஸ்லாம் வருவதற்கு முன் 224 முதல் 651 வரை ஈரானை ஆண்ட சாசானியர் காலத்து மொழியை நடுக்காலப் பாரசீகம் அல்லது பகலவி என்கிறோம். அதில் இச்சொல்லின் வடிவம் ‘வுஸுர்க்’. அரசின் தலைமை அமைச்சருக்கு ‘வுஸுர்க் ஃப்ரமதார்’ என்று பதவிப்பெயர். ‘பெரும் ஆணையர்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். முதலாம் ஷாபூரின் ஹாஜியாபாத் கல்வெட்டில் உயர்குடியினரின் வரிசைகளுள் ஒன்றாக ‘வுஸுர்கான்’ குறிப்பிடப்படுகிறது. நாம் சற்றுமுன் கண்ட ‘பொஸொர்கான்’ அதன் நேர் வழித்தோன்றல்தான். அன்று அது வெறும் பாராட்டாக இல்லாமல் சட்டப்படியான ஒரு சமூகப் படிநிலையாகவே இருந்தது.

இந்தக் காலகட்டத்தில் புதியவரைத் திகைக்க வைக்கும் ஒரு செய்தி உண்டு. பகலவி நூல்களில் இச்சொல்லைப் பல இடங்களில் ஒலிப்படி எழுதவில்லை. அரமேய மொழியில் ‘பெரிய’ என்று பொருள்படும் ‘ரப்பா’ என்னும் சொல்லை எழுதிவிட்டு, அதைப் பாரசீகத்தில் ‘வுஸுர்க்’ என்று வாசித்தார்கள். அலுவலக எழுத்தர்கள் நெடுங்காலம் அரமேயத்தில் எழுதிப் பழகியதன் எச்சம் இது. எனவே பகலவி அகராதியில் இச்சொல்லுக்கு எதிரே அரமேய எழுத்துகளைக் கண்டு, இது அரமேயத்திலிருந்து வந்த சொல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அப்படியானால் உண்மையான ஒலிப்பு எப்படித் தெரிந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய ஆசியாவின் துர்ஃபானில் கண்டெடுக்கப்பட்ட, மானி என்பவர் நிறுவிய மானியச் சமயத்தாரின் ஏடுகள், இதே மொழியை அரமேய மறைப்பு ஏதும் இல்லாமல் ஒலிப்படி எழுதியிருந்தன. அங்கே இச்சொல் வ், ஸ், ர், க் என்று தெளிவாக நிற்கிறது.

பகலவி ‘வுஸுர்க்’ இன்றைய வடிவத்துக்கு வர ஒரே ஒரு மாற்றம்தான் தேவை: சொல்முதல் வகரம் பகரமாக வேண்டும். ஒரு சொல்லில் மட்டும் இப்படி நடந்தது என்று சொன்னால் அது ஊகம். வரிசையாகப் பல சொற்களில் நடந்தது என்று காட்டினால்தான் அது சான்று. பழைய ‘வாத’ இன்று ‘பாத்’, காற்று. பழைய ‘வஃப்ர’ இன்று ‘பர்ஃப்’, பனி. வடமொழியின் ‘விம்சதி’க்கு இணையான சொல் இன்று ‘பீஸ்த்’, இருபது. எந்த ஒலிமாற்றத்தைப் பற்றிச் சொன்னாலும் இத்தகைய மூன்று நான்கு துணைச் சொற்களையாவது தேடி எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: கல்வெட்டை வாசித்தல்

ஈரானின் கெர்மான்ஷாஹ் நகருக்கு அருகே உள்ள பெஹிஸ்துன் மலையில், முதலாம் தாரியூஷ் கி.மு. 520 அளவில் மூன்று மொழிகளில் வெட்டச் செய்த கல்வெட்டு இருக்கிறது. அதன் பழம்பாரசீகப் பகுதி இப்படித் தொடங்குகிறது: ‘அதம் தாரயவௌஷ் க்ஷாயதிய வஸ்ரக, க்ஷாயதிய க்ஷாயதியானாம்’. ‘நான் தாரியூஷ், பேரரசன், அரசர்க்கரசன்’ என்பது பொருள். ‘க்ஷாயதிய’ என்பதே பின்னர் ‘ஷாஹ்’ ஆயிற்று. ‘வஸ்ரக’ என்பதே நம் சொல். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் பெயரடை நிற்கும் வரிசையை இங்கேயே காண்கிறோம். நக்ஷ்-எ ரொஸ்தம் கல்லறைக் கல்வெட்டில் ‘பக வஸ்ரக அவுரமஸ்தா’, அதாவது ‘பெருந்தெய்வம் அவுரமஸ்தா’ என்று வருகிறது. அதே கல்வெட்டில் ‘இந்தப் பெரிய நிலவுலகு’ என்ற பொருளில் நிலத்துக்கும் இதே பெயரடை சேர்க்கப்பட்டிருக்கிறது. நிலம் அம்மொழியில் பெண்பால் ஆதலால் பெயரடையும் பெண்பால் உருபு ஏற்றிருக்கிறது. அரசன், கடவுள், உலகம் ஆகிய மூன்றுக்கும் உரிய அடைமொழியாகத்தான் இச்சொல் நமக்கு முதன்முதலில் தெரியவருகிறது என்பதை நினைக்கும்போது, இன்று தாத்தாவையும் விரைவுச்சாலையையும் அதே சொல் தாங்கி நிற்பதன் அழகு விளங்கும்.

‘வஸ்ரக’, ‘வஸர்க’ என்று வெவ்வேறு நூல்களில் வெவ்வேறு விதமாக எழுதியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன பழம்பாரசீக ஆப்பெழுத்தில் பெரும்பாலான மெய்க்குறிகள் நம் அகரமேறிய உயிர்மெய்யைப் போல அகரத்தைச் சேர்த்தே வாசிக்க இடம் தருபவை. புள்ளி வைத்து மெய்யைத் தனித்துக் காட்டும் வழி அதில் இல்லை. கல்லில் இருப்பது வ, ஸ, ர, க என்ற நான்கு குறிகள் மட்டுமே. எந்த அகரத்தை ஒலிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது அறிஞர் முடிவு செய்வது.

அந்த எழுத்தையே உலகம் வாசிக்கக் கற்றுக்கொண்டதில் இப்பெயரடைக்குப் பங்குண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கனில் பள்ளி ஆசிரியராக இருந்த கிரோட்டஃபெண்ட் 1802-இல் பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் கல்வெட்டுகளின் படிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் ஒரே குறித்தொகுதிகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். பிற்கால ஈரானிய அரசர்களின் பட்டவரிசையை அடியொற்றி, ‘இன்னார், பேரரசன், அரசர்க்கரசன், இன்னாரின் மகன்’ என்ற வாய்பாடு அங்கே இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்த இடங்களில் தாரியூஷ், அவர் மகன் க்ஷெர்க்ஸெஸ் ஆகியோரின் பெயர்கள் பொருந்தி வந்தன. ஆப்பெழுத்தின் பூட்டு திறக்கத் தொடங்கியது அங்கேதான்.

பழைய ‘வஸ்ரக’ பகலவி ‘வுஸுர்க்’ ஆன வழியையும் சொல்லிவிட வேண்டும். சொல்லிறுதி அகரம் உதிர்ந்தது. உயிரொலிக்கும் இடையினத்துக்கும் அருகில் நின்ற ககரம், தமிழில் ‘மகன்’ என்று சொல்லும்போது இளகுவதைப் போல இளகி அதிர்வு பெற்றது. இதழ் குவித்து ஒலிக்கும் வகரத்தின் செல்வாக்கால் அதன் பின்வந்த உயிர்கள் உகரமாயின.

ஐந்தாம் படி: வேரையும் உறவையும் கண்டறிதல்

பெரும்பாலான அறிஞர்கள் ‘வஸ்ரக’ என்பதை, ஜொராஸ்திரியரின் புனித நூலான அவெஸ்தாவில் மித்ர தெய்வத்தின் கைப்படையாக வரும் ‘வஸ்ர’ என்ற சொல்லோடு இணைக்கிறார்கள். ‘வஸ்ர’ என்றால் தண்டாயுதம். வடமொழியில் அதற்கு நேரிணை இந்திரனின் ‘வஜ்ர’. இரண்டுக்கும் அடியில் வலிமை, ஊக்கம் என்ற பொருளுடைய ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் இருக்கிறது. வடமொழியில் ஆற்றலைக் குறிக்கும் ‘வாஜ’ என்பதும் அவ்வேரிலிருந்து வந்ததே. அப்படியானால் நம் பெயரடையின் அடிப்பொருள் ‘வலிமை மிக்க’ என்பதாகும்; பருமன் பின்னர் வந்த பொருள். இரண்டாம் படியில் மதிப்பைக் குறிக்கும் கூட்டுச்சொற்கள் மிகுந்திருந்ததற்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது.

அவெஸ்தாவின் ‘வஸ்ர’ பாரசீகத்தில் ‘கொர்ஸ்’ என்று இன்றும் வழங்குகிறது. ஃபிர்தௌஸியின் காவியமான ஷாநாமாவில் ஃபெரீதூன் ஏந்தும் காளைத்தலைத் தண்டாயுதம் அதுதான். ‘பர்ஃப்’ என்பதில் ஃப், ர் இடம் மாறியதைப் போலவே இங்கே ஸ், ர் இடம் மாறியிருக்கின்றன. வகரம் பகரமாகாமல் ககரமானதும் தனித்த நிகழ்ச்சியன்று. ஓநாயைக் குறிக்கும் ‘கொர்க்’ வடமொழி ‘வ்ருக’வின் உறவு, ‘கொஷ்தாஸ்ப்’ என்ற பெயர் பழைய ‘விஷ்தாஸ்ப’. தமிழுக்கும் இந்தக் குடும்பத்தோடு உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது. ‘வஜ்ர’ தமிழில் வச்சிரம் என்றும், பாகத வழியாக மணியைக் குறிக்கும் வயிரம் என்றும் வந்து சேர்ந்தது. பாரசீகத்தின் பொஸொர்க்கும் நம் காதணியின் வைரமும் தூரத்து உறவினர் என்று சொல்வதில் தவறில்லை.

பலர் கவனிக்காமல் விடும் நுட்பம் ஒன்று இங்கே இருக்கிறது. அவெஸ்தாவில் அதிர்வுடைய ஸகரம் வரும் இடத்தில் தூய பழம்பாரசீகம் தகரத்தையே காட்டும். ‘நான்’ என்பது அவெஸ்தாவில் ‘அஸெம்’, பழம்பாரசீகத்தில் ‘அதம்’. ‘கை’ அவெஸ்தாவில் ‘ஸஸ்த’, பழம்பாரசீகத்தில் ‘தஸ்த’. இந்த விதிப்படி நம் சொல்லும் தகரத்தோடு வந்திருக்க வேண்டும். பெஹிஸ்துன் கல்வெட்டின் முதல் வரியிலேயே ‘அதம்’ என்பதும் ‘வஸ்ரக’ என்பதும் சில சொற்கள் இடைவெளியில் நிற்கின்றன. முன்னது பாரசீகருடைய ஒலி, பின்னது அயலொலி. பாரசீகருக்கு முன் ஆதிக்கம் செலுத்தி, கி.மு. 550 அளவில் கூரோஷிடம் ஆட்சியை இழந்த மேதியரின் மொழியிலிருந்து அரசப் பட்டத்தோடு சேர்த்து இச்சொல்லும் பெறப்பட்டது என்பது இதனால் எட்டப்பட்ட முடிவு. பேரரசன் என்னும் பட்டமே அதற்கும் முன்பு அசீரிய மன்னர்களிடம் வழங்கியது.

ஆறாம் படி: போலி உறவுகளை விலக்குதல்

‘பெரிய’ என்ற பொருளுடைய வடமொழி ‘ப்ருஹத்’ பொஸொர்க்கோடு உறவுடையது என்று எண்ணுவது மிக எளிது. முதலெழுத்தும் பொருளும் ஒத்துப்போகின்றன. நாம் திரட்டிய சான்றுகளே இதை மறுத்துவிடும். பொஸொர்க்கின் பகரம் பிற்காலத்தில் வகரத்திலிருந்து வந்தது. ‘ப்ருஹத்’தின் பகரமோ தொடக்கத்திலிருந்தே உள்ளது. ‘ப்ருஹத்’தின் உண்மையான பாரசீக உறவு ‘உயரமான’ எனப் பொருள்படும் ‘போலந்த்’. அல்போர்ஸ் மலைத்தொடரின் பெயரிலும் அதே வேர் இருக்கிறது. காலகட்டங்களைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்று தொடக்கத்தில் வற்புறுத்தியது இத்தகைய இடங்களுக்காகத்தான்.

ஏழாம் படி: சொல் சென்ற ஊர்களைப் பார்த்தல்

சாசானிய மன்னர் முதலாம் குஸ்ரோவின் அமைச்சராகக் கதைகளில் வரும் பொஸொர்க்மெஹ்ரின் பெயரில் இச்சொல் இருக்கிறது. இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட சதுரங்கத்தின் விளையாட்டு முறையை அவர் கண்டறிந்ததாக மரபு கூறும். அரபியில் ககர அதிர்வொலி இல்லாததால் அரபு நூல்களில் அவர் ‘புஸுர்ஜ்மிஹ்ர்’ ஆனார். ஒரே பெயரின் இரு வடிவங்களைக் காணும்போது இந்தக் காரணத்தை நினைவுகொள்ள வேண்டும். இடைக்கால இசையிலக்கண நூல்கள் கூறும் பன்னிரண்டு பண்களில் ஒன்றுக்கும் இதே பெயர். உருதுவிலும் இந்தியிலும் ‘புஸுர்க்’ என்றால் முதியவர், முன்னோர் என்று பொருள். பருமனைச் சுட்டும் பொருள் அங்கே அநேகமாக இல்லை. ஆனாலும் உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களின் கிராமப் பெயர்களில் பழைய பொருள் தங்கியிருக்கிறது. ஒரே பெயருடைய இரண்டு ஊர்களில் சிறியதற்குக் ‘குர்த்’ என்றும் பெரியதற்குக் ‘கலான்’ அல்லது ‘புஸுர்க்’ என்றும் சேர்த்தது, பாரசீகத்தில் நிலவரிக் கணக்கு எழுதிய காலத்தின் வழக்கு.

இந்த ஏழு படிகளையும் தாமே செய்து பார்க்க விரும்புவோர் ‘உலர்ந்த’ எனப் பொருள்படும் ‘கோஷ்க்’ என்ற பெயரடையை எடுத்துக்கொள்ளலாம். பழம்பாரசீகத்தில் அது ‘உஷ்க’, அவெஸ்தாவில் ‘ஹுஷ்க’, வடமொழியில் ‘சுஷ்க’. வடமொழிச் சொல்லின் முதல் ஒலிக்கு எதிரே அவெஸ்தாவில் ஹகரம் ஏன் நிற்கிறது, இன்றைய பாரசீகத்தில் அது ஏன் தொண்டையொலியாகத் தடித்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் துணைச் சொற்களோடு விடை எழுத முயல வேண்டும். ‘சூடான’ என்னும் ‘கர்ம்’, ‘புதிய’ என்னும் ‘நோவ்’ ஆகிய இரண்டும் அதைவிட எளியவை. ‘கர்ம’ (வெப்பம்; வினையைக் குறிக்கும் கர்மம் அன்று), ‘நவ’ என்ற வடமொழி இணைகளோடு அவை அதிகம் மாறாமல் நிற்பதால், முதல் பயிற்சியை அவற்றிலிருந்து தொடங்குவதும் நல்லதே.